கதவுக்கும் கதவுக்கும் நடுவில்

எங்கள் சின்ன ஊரான வெர்போவாவில் கஞ்சாக்கடை வந்தால் கூட்டத்தை அடக்கப் போலீஸ் வரவேண்டியிருக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. போலீஸ்காரர் வந்தார், பொய் சொல்லக்கூடாது. குளிருக்கு இதமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "என்ன லேசியா, ஈ ஓட்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தப் பிப்ரவரிக் குளிரில் ஓட்டுவதற்கு ஈகூடக் கிடையாது.

லேசியாவின் பழைய துணிக்கடைதான் அது. ஊர் மொத்தமும் பக்கத்து நகரமான யார்க்டன் போய்த் துணி எடுக்க ஆரம்பித்த பிறகு, அதை மூடிவிட்டு, கஞ்சா விற்க அரசாங்கம் கொடுக்கும் இந்த லைசென்ஸை வாங்கினாள். கால்கரி நகரத்தில் கடைகளுக்கு உள்ளமைப்பு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த மகள் கலீனா, வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவுக்காக இதை இழைத்து இழைத்துக் கட்டினாள். தேவாலயக் கமிட்டித் தலைவரான கணவர் ஓரெஸ்ட் மட்டும், "என் கால் அந்தப் படியை மிதிக்காது" என்று திறப்பு விழாவன்று சொன்னவர் இன்றுவரை சொன்னபடி நிற்கிறார். வீட்டில் லேசியா வைக்கும் பீட்ரூட் சூப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடிப்பார். கடையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்.

போன வாரம் பிரெஸ்காட் என்று ஒருவர் கடைக்கு வந்தார். கோட்டில் ஆரஞ்சு நிற ஆந்தை வில்லை குத்திக்கொண்டு சாஸ்கடூன் நகரத்திலிருந்து வந்திருந்தார். யார்க்டன் உட்பட ஊருக்கு ஊர் ஆந்தை என்ற பெயரில் கஞ்சாக்கடை வைத்திருப்பவர். லேசியா கொடுத்த காபியைப் புகழ்ந்தார். கலீனா போட்ட கண்ணாடிகளைத் தட்டிப் பார்த்தார். கடையை விலைக்குக் கேட்டார். "புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்றேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆமாம் என்றால் லைசென்ஸும் கட்டடமும் ஆந்தைக்கு. கலீனா மறுபடி கால்கரிக்கு. லேசியா வீட்டுக்குள்.

இன்றைக்குப் புதன்கிழமை.

*

"உள்ளயே உக்காந்து யோசிச்சா ஒண்ணும் புரியாதும்மா. நான் எதிர்ல போய் உக்காந்து பாக்கறேன்" என்று காலையில் கலீனா கிளம்பினாள்.

"எதைப் பாக்கப் போற? யாராவது வந்தாதானே?"

"வர்றாங்கம்மா. வாசல் வரைக்கும் வர்றாங்க. அப்பறம்தான் என்னவோ ஆகுது. அது என்னன்னு எனக்குத் தெரியணும்."

கடைக்கு நேர் எதிரே காபிக் கடை. அதன் ஜன்னல் மேசை எங்கள் ஊர் விவசாயிகளுடையது. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். குளிர்காலத்தில் அதற்கும் எழுந்திருக்க மாட்டார்கள். ஓரெஸ்ட் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கலீனா பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்க்கும்போது தன் வேலை அவளுக்கே அழகாகத்தான் தெரிந்தது. தெருவில் போகும் பிள்ளைகள் கண்ணில் சரக்கு படக்கூடாது என்பது சட்டம். அதனால் ஜன்னல் முழுக்கப் பால் வெள்ளையாக ஒட்டுத்தாள். முதல் கதவைத் திறந்தால் சின்ன நடை. அங்கே ஒரு சிறு ஜன்னலுக்குப் பின்னால் லேசியா உட்கார்ந்து வயசுக்கான அடையாள அட்டையைப் பார்ப்பாள். முதல் கதவு சாத்திய பிறகு அவள் பொத்தானை அழுத்தினால்தான் இரண்டாவது கதவு திறக்கும். அதுவும் பால் கண்ணாடிதான். தலைக்கு மேலே கேமரா. யாரும் திமுதிமுவென்று புகுந்துவிட முடியாது. வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாது. கூச்சப்படுகிற ஊருக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் கலீனா நினைத்திருந்தாள்.

ஒரு பிக்-அப் வண்டி வந்து நின்றது. இறங்கிய ஆள் விறுவிறுவென்று கடை வாசலுக்குப் போனார். கைப்பிடியில் கை வைத்தார். வெள்ளைக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துக்கொண்டு, தபாலாபீசுக்கு வந்தவர்போல நடந்து போய்விட்டார்.

"ஏம்ப்பா திரும்பிட்டாரு?" என்று கலீனா கேட்டாள்.

ஓரெஸ்ட் காபியைக் கலக்கினார். "எனக்கென்ன தெரியும்."

"அவரு வண்டிய எங்க நிறுத்தினாருன்னு பாத்தீங்களா?"

"தபாலாபீஸ் முன்னாடி நிறுத்தினான். இந்த நேரத்துக்குத் தபாலே வராது." சொன்னது அதிகம் என்று தோன்றிவிட்டது போல, அவர் உடனே பக்கத்தில் இருந்தவரிடம் கோதுமை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து வந்தவர் பள்ளி பஸ் ஓட்டும் மைரோன். இவர் முதல் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். கலீனா எழுந்தே நின்றுவிட்டாள். ஆனால் அவள் உட்காருவதற்குள் மைரோன் வெளியே வந்துவிட்டார், முகம் கடுகடுவென்று.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "என்னம்மா ஆச்சு?"

"அட்டையக் காட்டினாரு. 'உள்ள யாரு இருக்கா'ன்னு கேட்டாரு. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே, 'உள்ள யார் இருக்காங்கன்னு சொல்லக்கூடாதுங்க'ன்னேன். 'எங்கிட்டயே சொல்ல மாட்டியா, உன் பொண்ண நான்தான் பஸ்ல ஏத்திட்டுப் போனேன்'னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"உள்ள யாருமே இல்லையேம்மா!"

"அதையும் சொல்லக்கூடாதுன்னு நீதானடி சொன்ன?"

கலீனா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவள் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் என்னவோ ஒன்று விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அழுகை வரும் நிலையிலும் அதைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு.

*

புதன்கிழமை மதியம் தேவாலயக் கூடத்தில் பெண்கள் சேர்ந்து பெரோகி என்ற கொழுக்கட்டை பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஊரே இடிந்து விழுந்தாலும் அது நிற்காது. கலீனாவைக் கடையில் உட்கார்த்திவிட்டு லேசியா போனாள். போகாவிட்டால், "கடையை வித்துட்டாளாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கை வைத்து ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள் லேசியா. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கூடத்தின் வாசல் நேராகத் தெரியும். அங்கே சுவர் நீளத்துக்குக் கொக்கிகள், அவற்றில் வரிசையாகக் கோட்டுகள்.

ஹால்யா உள்ளே வந்தாள். பூட்ஸிலிருந்த பனியை உதறினாள். கோட்டைக் கழற்றப் போனவள், கண்ணைக் கொக்கி வரிசையில் ஒரு ஓட்டு ஓட்டினாள். நடுவில் ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்ததும் கை நின்றது. அது அவள் நாத்தனாருடைய கோட்டு. கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பாத்திரம் திரும்பி வராததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"ஐயையோ, அடுப்ப அணைக்காம வந்துட்டேன்!" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஹால்யா வந்த வழியே போய்விட்டாள்.

மேசையில் எல்லோரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். லேசியாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் விரல்கள் மாவின் மேல் அப்படியே நின்றன.

இந்த ஊரில் யார்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு கதவைத் தாண்டியிருக்கிறார்கள்? கூடமாகட்டும், பனிக்கட்டியில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் அரங்கமாகட்டும், பக்கத்து வீடாகட்டும், முதலில் கோட்டைப் பார்ப்பார்கள். வேண்டாத கோட்டு இருந்தால் அடுப்பு ஞாபகம் வந்துவிடும். வேண்டியவர்கள் கோட்டு இருந்தால் தன்னுடையதையும் பக்கத்தில் மாட்டுவார்கள். அவளுடைய துணிக்கடையிலும் நடையில் ஒரு கொக்கிப் பலகை இருந்தது. அதை அடைசல் என்று கழற்றிப் போட்டது கலீனா.

"என்ன லேசியா, பெரோகி கையிலயே வெந்துடும் போலிருக்கே?" என்றாள் எதிரே இருந்த பராஸ்கா. பாதிரியாரின் மனைவி. எங்கள் பாதிரியார்கள் கல்யாணம் கட்டுகிறவர்கள், அவர்களைக் கட்டி ஆள்வது மனைவிமார்கள்.

"அக்கா, அடுப்ப அணைக்காம வந்துட்டேன்" என்று லேசியா எழுந்தாள்.

"உனக்குமா? யாரு கோட்டப் பாத்த?"

லேசியா அதற்குள் கோட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.

*

பலகை ஓரெஸ்டின் ஷெட்டில் இருந்தது. ஷெட்டின் சாவி ஓரெஸ்டின் பையில் இருந்தது. ஓரெஸ்ட் ஜன்னல் மேசையில் இருந்தார். ஆறு கண்கள் பார்த்துக்கொண்டிருக்க லேசியா காபிக் கடைக்குள் போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஷெட் சாவி குடு."

"எதுக்கு?"

"கொக்கிப் பலகை வேணும்."

கடைக்கா என்று அவர் கேட்பார், கேட்டால் இன்றைக்கு எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவள் தயாராகத்தான் நின்றாள். அவர் கேட்கவில்லை. நாற்காலி முதுகில் போட்டிருந்த தன் நீல ஜாக்கெட்டைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"நீள ஸ்க்ரூ எடுத்துக்க. சின்னது கோட்டு கனத்துக்குத் தாங்காது."

தயாரித்து வைத்திருந்த நாலு வார்த்தையோடு லேசியா ஷெட்டுக்கு நடந்தாள்.

பலகையைப் பார்த்ததும் கலீனா இரண்டு கையையும் நீட்டி மறித்தாள். "அம்மா, வேண்டாம்! நடை காலியா இருக்கணும். கேமரா மூஞ்சியப் பாக்கணும், கோட்டுக் கும்பலப் பாக்கக் கூடாது. அதுவும் இல்லாம, யாரு வந்திருக்காங்கன்னு காட்டிக் குடுக்கற மாதிரி ஆயிடும்."

"நாம எங்கடி காட்டிக் குடுக்கறோம்? அவங்களாத்தானே மாட்டறாங்க? வேண்டாங்கறவங்க போட்டுக்கிட்டே போகட்டும். நீ கூடத்துல ஹால்யாவப் பாத்திருக்கணும்." லேசியா நடந்ததைச் சொன்னாள். மைரோன் கேட்ட கேள்வியை ஞாபகப்படுத்தினாள். "அவரு நம்ம சரக்கப் பத்திக் கேக்கலடி. உள்ள யாருன்னுதான் கேட்டாரு. தெரியாத எடத்துல எப்படி நுழைவாங்க? நீ எல்லாத்தையும் மறைச்சா கூச்சம் போயிடும்னு நெனச்ச. எங்க ஆளுங்களுக்குக் கூச்சமே மறைச்சதுலதான்."

கலீனா நீட்டிய கைகளைக் கீழே இறக்கினாள். இது அவள் தப்பு. கால்கரியில் யாருக்கும் யாரையும் தெரியாது, அங்கே மறைப்பு நிம்மதி. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது மறந்துபோயிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, விடை கிடைத்த சந்தோஷம் வெட்கத்தை முந்திக்கொண்டு வந்தது.

அவள் டேப்பை எடுத்து அளந்தாள். கேமராவுக்கு நேர் கீழே இருக்கும் பக்கச் சுவரில் மாட்டினால் முகம் மறையாது. மாட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று ட்ரில்லை நிறுத்தினாள்.

"அம்மா! போன மாசம் வெளியூர் ஆளு ஒருத்தன் புகை பிடிக்கற கண்ணாடிக் குழாய் ரெண்டைக் கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டுப் போனானே!"

"அவன் கை வெளங்காது. அதுக்கென்ன இப்ப?"

"கோட்டே இல்லாம உள்ள வந்தா எதை எங்கம்மா ஒளிப்பான்? திருடனுக்கும் கஷ்டம், துப்பாக்கியோட வர்றவனுக்கும் கஷ்டம். இதுக்குன்னு ஒரு போர்டு எழுதி வைக்கட்டுமா? கோட்டைக் கழட்டவும்னு?"

"போர்டு வச்சா ஒருத்தனும் கழட்ட மாட்டான்" என்று லேசியா ஹீட்டர் பக்கம் போனாள். குமிழை வலது பக்கம் நன்றாகத் திருகினாள். "வேர்த்தா கழட்டுவான்."

கலீனா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைகளைப் பற்றி அவள் எத்தனையோ புத்தகம் படித்திருந்தாள், இந்த வரி எதிலும் இல்லை.

*

முதலில் மைரோனே வந்தார். கோபம் ஆறியிருந்தது, ஆசை ஆறவில்லை. காலியான கொக்கிகளைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் அட்டையைக் காட்டினார், கோட்டை மாட்டினார், உள்ளே போனார். தூக்கம் வருவதற்கு என்ன இருக்கிறது என்று விசாரித்து, ஒன்றை வாங்கிக்கொண்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். லேசியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து நுழைந்தது பராஸ்கா. நரித்தோல் காலர் வைத்த சிவப்புக் கோட்டு, ஊரில் ஒன்றே ஒன்றுதான். கொக்கியைப் பார்த்தாள்.

"மைரோன்தானே? அவன் பொண்டாட்டிகிட்டயே பேச மாட்டான்" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுத் தன் கோட்டைப் பக்கத்தில் மாட்டினாள். "லேசியா, உன் அடுப்பு அணைஞ்சுதான்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

"வாங்கக்கா."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். முழங்காலுக்கு ஏதோ தைலம் இருக்காமே, சும்மா பாக்கலாம்னு."

தைலத்தை எடுத்து வைப்பதற்குள் அவள் கண் மோந்து பார்க்கும் டப்பாக்களின் மேல் விழுந்துவிட்டது. மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும், மூடியில் ஓட்டை இருக்கும், மூக்கை வைத்தால் வாசனை வரும். பராஸ்கா முதல் டப்பாவில் மூக்கை வைத்தாள்.

"இது பைன் மரம்!" இரண்டாவது. "இது எலுமிச்சம்பழத் தோல்." மூன்றாவதில் மூக்கைச் சுருக்கினாள். "இது எங்க வீட்டுக்காரரோட பழைய பூட்ஸ். இதையுமா காசு குடுத்து வாங்கறாங்க?"

"அதுதாங்க அதிகமா விக்குது" என்றாள் கலீனா.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று பராஸ்கா மறுபடி குனிந்தாள்.

மைரோன் போய்விட்டார். பராஸ்கா போகவில்லை. அறையும் கதகதப்பாக இருந்தது, டப்பாக்களும் நிறைய இருந்தன. அதுதான் வினையாகப் போயிற்று. நடையில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது அந்த நரிக்காலர்.

முதல் கதவு திறந்தது. ஒருவர் நுழைந்தார், கொக்கியைப் பார்த்தார், அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. இன்னொருவர் வந்தார், அவருக்கும் அடுப்பு. பள்ளி ஆசிரியை ஒருத்தி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, காலரைப் பார்த்ததும் பேய் அறைந்ததுபோல் நின்று, கையுறையைப் போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

"அம்மா" என்று கலீனா கிசுகிசுத்தாள், "முன்னாடியாவது வாசல்லயே திரும்பினாங்க. இப்ப நடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பறாங்க."

லேசியா கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே இருட்டிவிட்டது. பிரெஸ்காட் போன் பண்ண அதிக நேரமில்லை. பாதிரியார் மனைவியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியுமா? மைரோனை விட்டால் அவள் ஒருத்திதான் மனசு விட்டு உள்ளே வந்திருக்கிறாள், அவளாலேயே கடை மூடப்போகிறது என்று நினைத்தபோது லேசியாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன் கடை என்று ஒன்று இல்லாமல் வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

முதல் கதவு மறுபடி திறந்தது.

இப்போது சிறு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கலீனா எட்டிப் பார்த்தாள். நடையில் நின்றுகொண்டிருந்தவர் ஓரெஸ்ட்.

"அப்பா?"

"ம்."

நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்தவர். யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று ஒன்று விடாமல் பார்த்தவர். கொக்கி வரிசையைப் பார்த்தார். சிவப்புக் கோட்டு எதற்காக அங்கே தொங்குகிறது, அதனால் என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அட்டையக் காட்டணும்ப்பா" என்றாள் கலீனா மெதுவாக.

"எனக்குப் பத்தொன்பது வயசு ஆச்சான்னு பாக்கணுமா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். கேமரா பாக்குது."

ஓரெஸ்ட் முணுமுணுத்துக்கொண்டே பர்ஸை எடுத்து அட்டையைக் காட்டினார். மகள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், வேண்டுமென்றே. அவர் தன் நீல ஜாக்கெட்டைக் கழற்றினார். கர்லிங் குழுவின் ஜாக்கெட் அது, கையில் பெரிய எழுத்தில் ஓரெஸ்ட் என்று பெயர் தைத்திருக்கும். அதை நரிக்காலருக்குப் பக்கத்தில், பெயர் வெளியே தெரியும்படி மாட்டினார்.

இரண்டாவது கதவு திறந்தது.

மூன்றாவது டப்பாவில் மூக்கை வைத்திருந்த பராஸ்கா நிமிர்ந்தாள். "ஓரெஸ்ட்! நீயா?"

"நீங்களா?" என்றார் ஓரெஸ்ட்.

கமிட்டித் தலைவரும் பாதிரியார் மனைவியும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

ஓரெஸ்ட் கடையைச் சுற்றிப் பார்த்தார். மகள் பதித்த கண்ணாடி அலமாரிகளை, விளக்குகளை, ஒரு காலத்தில் துணிச் சுருள்கள் நின்ற சுவரை. கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"பலகை சாஞ்சிருக்கு" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்."

"அப்ப வந்து நிமித்து."

"நாளைக்கு" என்றார் ஓரெஸ்ட்.

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் லேசியா கல்லாப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியதை அவருக்குக் காட்டக்கூடாது என்றுதான்.

அவர் வந்த வழியே வெளியே போனார். அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு தெருவைக் கடந்து வண்டியில் ஏறினார். கலீனா கதவைத் திறந்து கத்தினாள். "அப்பா! ஜாக்கெட்டு!"

"தொங்கட்டும்!"

*

அவர் வண்டி போன கொஞ்ச நேரத்தில் கர்லிங் குழு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். சிவப்புக் கோட்டையும் நீல ஜாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தார்கள்.

"தலைவரே உள்ள இருக்காருடா."

"பாதிரியாரம்மாவும். அப்பறம் நமக்கென்ன வந்துச்சு?"

மாட்டினார்கள். திரும்பிப் போன பள்ளி ஆசிரியை மறுபடி வந்து பார்த்தாள், அவளும் மாட்டினாள். பிறகு ஹால்யா. நல்ல வேளை, நாத்தனார் இல்லை. பலகையில் இடது பக்கம் காலி இடம் குறைந்துகொண்டே வந்தது.

வந்தவர்களில் ஒருவர் கடைக்குள் நாலா பக்கமும் தேடினார். "ஓரெஸ்ட் எங்க? ஜாக்கெட்டு இருக்கே?"

கலீனா முகத்தை மாற்றாமல் சொன்னாள். "உள்ள யார் இருக்காங்கன்னு சொல்லக்கூடாதுங்க."

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஒரு கையில் தைலம், இன்னொரு கையில் பராஸ்காவின் சில்லறை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள் லேசியா.

"ஆமாவா, இல்லையா?" என்றார் பிரெஸ்காட்.

"கோட்டு மாட்ட எடமில்லைங்க மிஸ்டர் பிரெஸ்காட்."

"என்னது?"

"இல்லன்னு சொல்றேன். ஆளுங்க நிக்கறாங்க, வச்சிடறேன்."

கடையைப் பூட்டும்போது நடையில் ஒரே ஒரு ஜாக்கெட் பாக்கி இருந்தது. கலீனா வண்டியைச் சூடேற்றப் போயிருந்தாள். லேசியா அதைக் கொக்கியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஓரெஸ்டின் வாசனை, காபியும் டீசலும். இந்த மனிதர் சட்டையோடு குளிரில் நடந்து போனது தனக்காக என்று நினைத்தபோது, குளிர்காலம் முழுக்க அவர்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஜாக்கெட் பையில் ஏதோ கனமாக இடித்தது. ஷெட் சாவி அவளிடம் அல்லவா இருக்கிறது என்று கையை விட்டாள்.

சின்னக் கண்ணாடிப் புட்டி. சொட்டுச் சொட்டாக விடும் மூடி. அவள் அலமாரியில் இருப்பது போன்ற அதே கஞ்சா எண்ணெய், அடியில் கொஞ்சம்தான் மிச்சம். மேல்காகிதம் கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்ந்த காகிதத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிற ஆந்தை ஒன்று.

இந்த ஊரில் ஆந்தைக் கடை கிடையாது. யார்க்டனில்தான் உண்டு. இலையுதிர்காலத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் டிராக்டருக்குச் சாமான் வாங்க யார்க்டன் போய்க்கொண்டிருந்தார் ஓரெஸ்ட். பனி விழுந்து டிராக்டர் ஷெட்டுக்குள் போன பிறகும் போய்க்கொண்டிருந்தார்.

யாருக்கு இந்த எண்ணெய்? அவருக்கு என்ன வலி? அவருக்கில்லை என்றால் வேறு யாருக்கு?

வெளியே கலீனா ஹாரன் அடித்தாள். லேசியா புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஜாக்கெட்டை அவர் மறந்துவிட்டுப் போகவில்லை, தொங்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஊர் பார்க்கட்டும் என்றுதான் விட்டுப்போனார் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து துவைக்கப் போடுமுன் அவர் பைகளைத் துழாவுகிறவள் லேசியாதான். அது ஓரெஸ்டுக்குத் தெரியாதா? வாயால் சொல்லாததை அவள் கையே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் விட்டுப்போயிருக்கிறார்.